உறுமும் இசைத்தட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை (செல்லோ என்னும் தந்திக் கருவிக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய படைப்பு) செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்த பழைய பதிவின் எல்.பி. (வினைல் இசைத்தட்டு) மறுவெளியீட்டை வாங்கினேன். மெல்லிய இடங்களில் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. தட்டில் குறையா? கைபேசியிலேயே கிடைக்கும் ஒன்றுக்கு இவ்வளவு விலை கொடுத்தது வீணோ என்றும் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த உறுமலைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்கிறது; உறுமலும் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் குறை தட்டில்தான், மாற்றித் தரச் சொல்லலாம். விடாமல் ஒரே சீராக ஒலித்தால் உங்கள் பிளேயரின் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். தூரத்திலிருந்து நெருங்கி வந்து, சில நொடிகளில் விலகிப் போவதுபோல் இருந்து, கைபேசியிலும் அதே இடத்தில் கேட்டால், அது அநேகமாக லண்டன் சுரங்க ரயில்.

இந்தப் பதிவு 1965 ஆகஸ்டில் லண்டனின் கிங்ஸ்வே ஹாலில் நடந்தது. அடியில் பிக்காடில்லி தடத்தின் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே பதிவான பல இசைத்தட்டுகளில் அந்த அதிர்வும் சேர்ந்துகொண்டது; அதைப் பொறுத்துக்கொண்டும் ஒலிப்பதிவாளர்கள் அங்கேயே போனார்கள் என்றால், ஒலிக்கு அந்த அரங்கு எவ்வளவு உகந்ததாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். (கட்டடம் இன்று இல்லை.) மறுவெளியீட்டின்போது தாழ்ந்த ஒலிகளை வடிகட்டி ரயிலைக் குறைக்க முடியும், ஆனால் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவிகளின் கனமும் அதோடு மெலிந்துவிடும். ஆகவே ரயில் கேட்கும் தட்டையே நான் விரும்புவேன்.

விலையைப் பொறுத்தவரை, எல்.பி. என்பதாலேயே ஒலி உயர்ந்துவிடாது. டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டிய தட்டானால், அதே கோப்பை நல்ல கருவியில் ஸ்ட்ரீமிங்கில் கேட்பதைவிடப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது. மூல ஒலிநாடாவிலிருந்து நேராக வெட்டியதா என்று உறையில் பாருங்கள். இன்னொன்று, கான்செர்ட்டோ ஏறத்தாழ அரை மணி நேரம். முதல் வெளியீட்டில் அது முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கியது. மறுபக்கத்தில் ஜேனட் பேக்கர் பாடிய எல்கரின் 'ஸீ பிக்சர்ஸ்' பாடல்கள். அவ்வளவு நீளத்தை ஒரே பக்கத்தில் வைத்தால், முடிவை நெருங்கும்போது ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் விளிம்பில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செல்லோவின் தொடக்க நாதங்கள் கடைசியில் ஒருமுறை திரும்ப வருகின்றன, அதுவும் மிகக் கரகரப்பாகக் கேட்கக்கூடிய அந்த உள்வளையங்களில். இரண்டு பக்கமாகப் பிரிப்பதானால் இரண்டாம் பகுதி முடிந்த இடமே தகுந்தது, ஏனெனில் முதல் இரண்டும் இடைவெளியின்றி இணைந்தவை.

நடத்துனர் பார்பிரோலி 1919இல் இந்தப் படைப்பு முதன்முதலாக அரங்கேறியபோது இந்தப் பதிவில் வாசிக்கும் அதே லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். போதிய ஒத்திகையின்றிச் சொதப்பிய கச்சேரி அது. மெதுவான மூன்றாம் பகுதியில், இருபது வயதுப் பெண்ணான டு ப்ரே ஒரு சுரத்தை இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் அவர் இசைக்குழுவை அவளுக்காகக் காக்கவைக்கிறார். வாங்கிய தட்டில் முதலில் அதைக் கேளுங்கள். தேய்ந்த முதல் அச்சுக்குப் பெருந்தொகை கொடுக்க மட்டும் போகாதீர்கள்.