தாயத்தை அறுத்தால் பிள்ளைக்கு ஆபத்து வருமா?

கேள்வி: ஃபாதர், நாங்கள் வள்ளியூர் பக்கம். வீட்டில் பீடி சுற்றுகிறேன். என் 4 வயது மகன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ராத்திரி தூக்கத்தில் அலற ஆரம்பித்தான். அத்தை சொன்னார்கள் என்று மை போட்டுப் பார்ப்பவரிடம் போனோம். செய்வினை என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிள்ளை இடுப்பில் தாயத்து கட்டிவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல் மூன்று தடவை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா, “சாத்தானுக்குக் கதவைத் திறந்துவிட்டாய், இனி பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கினால் அதுவே உனக்குத் தண்டனை” என்கிறார். 5 மாதமாக நன்மை வாங்கவில்லை. தாயத்தை அறுக்கவும் பயம். நான் செய்தது சாவான பாவமா? என் பிள்ளைக்கு என்ன ஆகும்?

பதில்: அன்புச் சகோதரி, பிள்ளையிலிருந்தே தொடங்குகிறேன். தாயத்தை அறுப்பதால் அவனுக்கு ஒரு தீங்கும் வராது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை அவன். 7 வயது நிரம்பாத பிள்ளைமேல் திருச்சபை பாவக் கணக்கு எழுதுவதில்லை. பெரியவர்கள் இடுப்பில் எதைக் கட்டினாலும் அதற்கு அவன் பொறுப்பில்லை.

அலறும்போது கவனித்துப் பாருங்கள். கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் கத்துகிறானா? காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறானா? அப்படியென்றால் இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு வருவதுதான். காய்ச்சலும் தூக்கக் கேடும் அதைக் கிளப்பிவிடும், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். ஆனாலும் வலிப்பு இல்லை என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேயோட்டும் சடங்குக்கு முன்னால் இது நோயா என்று தீர விசாரிக்கச் சொல்வது திருச்சபையே. ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. ஜெபக் கூட்டத்து அக்காவுக்கு உங்கள் வீட்டில் சாத்தான் இருக்கிறான் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

சரி, பாவம். மை போட்டுப் பார்ப்பதும் குறி கேட்பதும் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். கடவுள் கையில் இருக்க வேண்டியதை இன்னொரு கையில் கொடுக்கிறோம், முதல் கட்டளைக்கே அது எதிர். தாயத்து அணிவதையும் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூல் கண்டிக்கிறது. ஆனால் சாவான பாவம் என்றால் மூன்றும் சேர வேண்டும்: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், அது தெரிந்திருக்க வேண்டும், முழு மனதோடு செய்திருக்க வேண்டும். ராத்திரி ராத்திரியாக அலறும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மாமியார் சொல்லைத் தட்ட முடியாமல் போன தாய்க்கு முழு மனது எங்கே இருந்தது? பயம் பொறுப்பைக் குறைக்கும் என்றும் அதே மறைக்கல்வி சொல்கிறது.

அப்படியானால் மூன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகும் ஏன் நிம்மதி வரவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நடந்ததைச் சொன்னீர்கள். தாயத்து இன்னும் பிள்ளை இடுப்பில்தான் இருக்கிறது என்பதைச் சொன்னீர்களா? வாய் மன்னிப்புக் கேட்கிறது, கை மட்டும் கயிற்றை விடவில்லை. உங்களை அரிப்பது அதுதான்.

ஒரு வீட்டை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, கூப்பிட்டுப் போயிருந்தேன். நிலைப்படிக்கு மேலே ஒரே கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழம், நாலு மிளகாய், அதற்குக் கீழே குருத்தோலை ஞாயிறன்று பின்னிய ஓலைச் சிலுவை. பழம் வாடியிருந்தது, சிலுவை பச்சை மாறவில்லை. கட்டியவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, பிள்ளைகள்மேல் அவ்வளவு பாசம். ஆனால் அங்கே சிலுவையும் இன்னொரு மிளகாயாகிவிட்டது. ஜெபமாலையையும் கழுத்தில் அணியும் உத்தரியத்தையும் ‘மந்திரித்து’ வாங்குவதாகத்தானே நாமும் சொல்கிறோம், அந்தச் சொல்லே ஆளைக் குழப்பும். மனம் கடவுளிடம் இல்லாமல், பொருளோ எண்ணிக்கையோ தானாக வேலை செய்யும் என்று நம்பினால் அதுவும் மூடநம்பிக்கைதான். உவரி அந்தோணியாரிடம் போங்கள், செவ்வாய்க்கிழமை நவநாள் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கிக்கொண்டு மட்டும் செய்யாதீர்கள். ‘9 பேருக்கு அனுப்பு’ என்று வாட்ஸப்பில் வரும் ஜெபங்களை அழித்துவிடுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து வடக்கன்குளம் தூரமில்லை. 1745-ல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். சொத்தும் ஆடுமாடும் அடுத்தடுத்துப் போய் அவர் நொந்துகிடந்தபோது, டிலனாய் என்ற தளபதி அவரிடம் இது யாரோ வைத்த வினை என்று சொல்லவில்லை, பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். ஒரு குற்றமும் செய்யாத மனிதனுக்கும் கஷ்டம் வரும் என்ற கதை. 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்டவரின் விசுவாசம் தொடங்கிய இடம் அது.

இனி செய்ய வேண்டியது. தாயத்தை நீங்களே அறுங்கள். பீடிக்கு இலை வெட்டும் கத்தரி போதும், தனிச் சடங்கு எதுவும் வேண்டாம். கயிற்றை அடுப்பில் போடுங்கள், தகட்டை நசுக்கிப் புதைத்துவிடுங்கள். அன்று ராத்திரி அவன் நெற்றியில் உங்கள் பெருவிரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதியுங்கள், தாய்க்கு அந்த உரிமை உண்டு. மறுபடி அலறினாலும் தாயத்து போனதால்தான் என்று நினைக்காதீர்கள், அது கட்டியிருந்தபோதும் அலறினான் அல்லவா? அத்தையோடு சண்டை வேண்டாம். பேரன்மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான், ஆஸ்பத்திரிக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள்.

சனிக்கிழமை உங்கள் பங்குச் சாமியாரிடம் போய், “தாயத்தை அறுத்துவிட்டேன், சாமி” என்று சொல்லி ஒரே ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். இதே விஷயத்துக்காக அதன் பிறகு போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வரிசையில் நின்று நன்மை வாங்குங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.