இயற்கை முறையில் வளர்க்கும் பால்மாட்டுக்குக் குடற்புழு மருந்து தேவையா?

களக்காடு பக்கம் ஆறு பால்மாடு வைத்திருக்கிறோம், ரசாயனம் இல்லாமல் வளர்க்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து ஊற்றியே ஆக வேண்டுமா, இயற்கைப் பண்ணை மாட்டுக்குப் புழு குறைவாகத்தானே இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறைவாக இருக்காது. பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். உங்கள் வளர்ப்பில் குறை இருப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மாட்டை மேய விடுகிறீர்கள், புழு மேய்ச்சலில் இருந்துதான் வருகிறது. மாடு போடும் சாணியில் புழுவின் முட்டை கிடக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு, கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் அது பொரிந்து வளர்ந்து, பனி ஈரத்தோடு புல் நுனிக்கு ஏறிவிடும். அடுத்த மாடு அந்தப் புல்லைக் கடித்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதன் சாணியிலும் முட்டை வரத் தொடங்கும். தொழுவிலேயே கட்டிப் போட்டு, சாணி படாத தீவனம் வைக்கிற பண்ணையில் இந்தச் சுற்று அறுந்துபோகிறது. மருந்து ஊற்றுவதால்தான் அங்கே புழு இல்லை என்று நினைக்கிறோம். பாதி காரணம் மாடு வெளியே போகாததுதான்.

என் வீடு சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. ஐந்து கறவை, மூன்று கன்று. பத்து வருஷமாக வயலுக்கும் மாட்டுக்கும் ரசாயனம் இல்லை. அதை ஆரம்பித்தபோது குடற்புழு மருந்தையும் அடியோடு நிறுத்தினேன். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பாலும் குறையவில்லை. நான் நினைத்தது சரி என்றே நம்பிவிட்டேன்.

மூன்றாம் வருஷம் பிசான நெல் அறுத்து முடித்ததும் வழக்கம்போல மாடுகளை அறுத்த வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் விட்டோம். பங்குனி மாதம். ஒன்றரை வயதுக் கிடேரி ஒன்று கழிய ஆரம்பித்தது. தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்தோடு. வால், பின்னங்கால் எல்லாம் சாணி வழிந்து காய்ந்திருக்கும். நாலாவது நாள் தாடைக்குக் கீழே பை தொங்குவதுபோல வீங்கியது. அம்மா வேப்பிலையும் சீரகமும் அரைத்துக் கொடுத்தார்கள். நானும் இன்னும் ஒருநாள் பார்ப்போம், இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று ஒரு வாரத்தைக் கடத்திவிட்டேன்.

மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, இது எங்கே தண்ணி குடிக்கும்?" என்பதுதான். சாணியைப் பரிசோதனைக்கு எடுத்தார். முட்டை அதிகம் தெரியவில்லை. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்புறம் அவரே கொஞ்சம் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை இறுத்து, மறுபடி கரைத்து, அடியில் தங்கியதை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினார். குருணை அரிசி அளவில், இளஞ்சிவப்பாக, சின்னச் சின்னப் புழுக்கள். ஆம்பிஸ்டோம் என்கிற தட்டைப்புழுவின் குஞ்சுகள். வளர்ந்த புழு மாட்டின் முதல் வயிற்றில் ஒட்டிக்கொண்டு பெரிய தொல்லை தராமல் இருந்துவிடும். குஞ்சாக இருக்கும்போது சிறுகுடலின் முன்பகுதியைக் குதறுகிறது. அந்த வயதில் அது முட்டை போடாது. அதனால்தான் சாணியில் முட்டை இல்லாமலே மாடு செத்துப்போகிறது.

அந்தக் கிடேரி பிழைக்கவில்லை. கூட மேய்ந்த இன்னொன்றுக்கு அன்றே ஆக்சிக்ளோசனைடு என்கிற தட்டைப்புழு மருந்தைக் கொடுத்ததால் அது தேறி, இப்போது இரண்டாம் ஈத்துக் கறவையில் நிற்கிறது. ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் இரண்டும் நின்றிருக்கும். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

இந்தத் தட்டைப்புழு நத்தை இல்லாமல் வளராது. முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, வெளியே வந்து தண்ணீர் ஓரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கும் நத்தைதான் வழி. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் முழுக்க வயல், வரப்பு, குளத்தங்கரை என்று நத்தைக்குப் பஞ்சமே இல்லை. மானூர், ராதாபுரம் மாதிரிக் காய்ந்த பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் களக்காட்டில் மலையிலிருந்து ஓடை வருகிறது, வாழையும் நெல்லும் நடக்கிறது. எங்கள் நிலைமைதான் உங்களுக்கும்.

சரி, வழக்கமாக மருந்து ஊற்றுகிற பண்ணை மட்டும் தப்பிக்கிறதா? என் மச்சான் முக்கூடல் பக்கம் பத்துக் கலப்பின மாடு வைத்திருக்கிறார். எல்லாம் தொழுவில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்பென்டசோல் தவறாது. ஒரு வருஷம் அவர் மாட்டுச் சாணியிலும் ஆம்பிஸ்டோம் முட்டை வந்தது. தீவனப்புல் பற்றாமல் வாய்க்கால் கரையில் அறுத்துப் போட்ட புல்தான் காரணம். அல்பென்டசோல், நான் முதலில் சொன்ன, புல் நுனிக்கு ஏறும் உருண்டைப்புழுவைக் கொல்லும். ஆம்பிஸ்டோமை ஒன்றும் செய்யாது. அத்தனை மாதம் தவறாமல் ஊற்றியது இந்தப் புழுவுக்கு ஆகாத மருந்து.

அதனால் நான் இப்போது காலண்டரைப் பார்த்து மருந்து கொடுப்பதில்லை, மருந்தே வேண்டாம் என்றும் சொல்வதில்லை. சாணியைப் பார்த்து முடிவு செய்கிறேன். மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒருமுறை, அறுப்பு முடிந்து மேய்ச்சலுக்கு விட்டு ஒரு மாதம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக, தரையில் கிடப்பதை அள்ளாமல் மாடு போடும்போதே பிடித்து, எலுமிச்சங்காய் அளவு எடுத்து, சுத்தமான டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் பார்ப்பார்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கொடுக்கும்போது "தட்டைப்புழு முட்டையும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உருண்டைப்புழு முட்டை உப்புக் கரைசலில் மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கும். இரண்டுக்கும் சோதனை வேறு வேறு. முட்டை இல்லை என்று வந்தாலும் மாடு நாற்றத்தோடு கழிந்தால் அந்தத் தாளை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

வளர்ந்த பசுவுக்குச் சில முட்டை தெரிந்தால் நான் விட்டுவிடுவேன். பல வருஷம் மேய்ந்த மாட்டுக்கு உருண்டைப்புழுவைத் தாங்கும் எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். ஆபத்தெல்லாம் முதல் வருஷம் மேய்ச்சலுக்குப் போகும் கன்றுக்கும் கிடேரிக்கும்தான். எல்லா மாட்டுக்கும் அடிக்கடி ஒரே மருந்தை ஊற்றினால், அதில் தப்பிக்கும் புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். ஆட்டுப் பண்ணைகளில் இது ஏற்கெனவே பெரிய தலைவலி.

ஒன்றில் மட்டும் நான் பரிசோதனைக்குக் காத்திருப்பதில்லை. பிறந்த கன்று. டாக்சோகாரா என்கிற பெரிய உருண்டைப்புழு தாயின் உடம்பில் குஞ்சாகத் தூங்கிக் கிடந்து, சீம்பாலிலும் பாலிலும் கன்றுக்கு வந்துவிடும். தொழு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வரும். எருமைக் கன்றுக்கு இன்னும் அதிகம். சாம்பல் வெள்ளையாகக் கழிந்து, வயிறு உப்பி, சில வாரத்தில் கன்று செத்தே போகலாம். இரண்டு வார வயதில் மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுத்துவிடுங்கள்.

மூலிகையைப் பற்றியும் கேட்பீர்கள். தும்பை, வேப்பிலை, பாகற்காய், வாழைத்தண்டு, பூண்டு, மிளகு, மஞ்சள் எல்லாம் வெல்லத்தில் உருட்டிக் கொடுக்கும் முறையை நானும் செய்கிறேன், உடன்குடிக் கருப்பட்டியில் உருட்டினால் மாடு ஆசையாகத் தின்னும். கொடுப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் சாணியைப் பாருங்கள். முட்டை குறைந்தால் தொடருங்கள். தாடை வீங்கிய மாட்டுக்கு அதை மட்டும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்லி யாராவது பெரியவர் சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள், அது விஷம்.

மருந்து கொடுத்தால் இயற்கைப் பண்ணை என்ற பெயர் போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பண்ணைச் சட்டமே, நோய் இல்லாத மாட்டுக்கு முன்னெச்சரிக்கையாக ரசாயன மருந்து கொடுப்பதைத்தான் தடுக்கிறது. நோய் வந்தால் உடனே வைத்தியம் செய்யச் சொல்கிறது. மருந்து கொடுத்த பிறகு பாலை விற்காமல் ஒதுக்கி வைக்கும் நாளை மட்டும் இருமடங்காக்குகிறது. நீங்கள் சான்றிதழ் வாங்கியிருந்தால் மருத்துவர் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சான்றளிப்பவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து ஊசியைக் கறவை மாட்டுக்குப் போட விடாதீர்கள். பாலில் பல நாள் இருக்கும். சாணியிலும் இறங்கி, சாணியை உருட்டி மண்ணுக்குள் புதைக்கும் வண்டுகளைக் கெடுக்கும். அந்த வண்டு இருந்தால் புழுக்குஞ்சு புல்லுக்கு ஏறுவதே குறையும். சினைப்பட்ட முதல் ஒன்றரை மாதத்தில் அல்பென்டசோலும் வேண்டாம்.

மேய்ச்சலில் நான் மாற்றியது கொஞ்சம்தான். கன்றையும் கிடேரியையும் பெரிய மாடு மேய்ந்த இடத்தில் விடுவதில்லை. காலையில் பனி காய்ந்த பிறகே அவிழ்க்கிறேன். வாய்க்காலில் நேராக வாய் வைக்க விடாமல் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறேன். வைக்கோலை நன்றாகக் காய வைத்த பிறகுதான் படப்பு போடுகிறேன். அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வந்தால் எங்கள் வயலில் கிடை போடச் சொல்லி நானே கேட்கிறேன். வாத்து நத்தையைப் பொறுக்கித் தின்னும்.

உங்கள் ஆறில் கிடேரி எத்தனை, கன்று எத்தனை என்று எழுதவில்லை. இருந்தால் நாளைக்கே அவற்றின் சாணியை முதலில் கொண்டுபோங்கள். ஏதாவது ஒன்று இப்போதே கழிந்துகொண்டிருந்தால் 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும்.