கோபத்தில் இன இழிசொல் பேசிய பயிற்றுநரை வேலையை விட்டே தூக்குவது நியாயமா?

நியாயம்தான். ஏன் என்று சொல்கிறேன், பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி கேட்டவர் இரண்டு வாதங்களை வைத்திருக்கிறார். ஆட்டம் சூடாக இருக்கும்போது யார் வாயிலிருந்தும் எதுவும் வரும், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது ஒன்று. கூடவே பழகியவர்கள் "அவர் இனவெறி பிடித்தவர் இல்லை" என்று சொல்லும்போது, ஒரு வார்த்தைக்காக அவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் இங்கே கோலாலம்பூர் மாமாக் கடைகளில் நம் ஆட்கள் வாயிலிருந்தே அடிக்கடி கேட்கிறேன். நான் செந்தூலில் குடியிருப்பவன். வார இறுதியில் பையன்களின் காற்பந்து அணி ஒன்றுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். ஜெர்சி, பதிவு பாரம், தண்ணீர், அடிபட்டால் ஐஸ் என்று எல்லாம் என் பொறுப்பு. பயிற்றுநர்கள் பையன்களிடம் என்ன பேசுகிறார்கள் என்பது கோட்டோரம் நிற்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

முதலில் அந்த "மனதளவில் இனவெறியர் இல்லை" என்கிற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் நான்காம் நிலை லீகில் ஆடிய கிராவ்லி டவுன் அணியின் நிர்வாகியாக, அதாவது நாம் தலைமைப் பயிற்றுநர் என்கிற பொறுப்பில், ஜான் யெம்ஸ் இருந்தார். ஆசிய வம்சாவளி வீரர்களைக் கறி தின்னிகள் என்கிற மாதிரி ஓர் இழிசொல்லால் அழைத்திருக்கிறார். பீட்சா வந்த இடத்தில் ஒருவரைப் பார்த்து, கறி பீட்சா இல்லையே என்று வருத்தமா எனக் கேலி செய்திருக்கிறார். முஸ்லிம் வீரர்களைத் தீவிரவாதிகள் என்றிருக்கிறார். 2019 முதல் 2022 வரை இது நடந்தது. ஒரு குற்றச்சாட்டை அவரே ஒப்புக்கொண்டார், மேலும் 11 நிரூபணமாயின. 2023 ஜனவரியில் விசாரணைக் குழு அவருக்கு 18 மாதத் தடை விதித்தது. அதே தீர்ப்பில், இவர் தெரிந்தே இனவெறியோடு நடந்தவர் அல்ல என்பதை ஏற்றுக்கொள்வதாகவும் எழுதியது. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமே அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. ஏப்ரலில் தடை மூன்று வருடமானது.

மூன்று வருடம் ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்ட இளைஞனுக்கு, நிர்வாகியின் மனதில் என்ன இருந்தது என்பதால் என்ன பயன்? அவன் காதில் விழுந்தது வார்த்தைதான். நெஞ்சைப் பிளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எந்தக் குழுவாலும் முடியாது. என்ன சொன்னார், யாரிடம் சொன்னார், அவருக்கு அந்த ஆள் மீது என்ன அதிகாரம் இருந்தது என்பதை மட்டும்தான் விசாரிக்க முடியும். அதை விசாரித்தால் போதும்.

நகைச்சுவை என்ற சால்ஜாப்பும் அப்படித்தான். இங்கிலாந்து மகளிர் அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர் எனி அலூக்கோ. அவருடைய சொந்தக்காரர்கள் நைஜீரியாவிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், எபோலாவைக் கொண்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றாராம் பயிற்றுநர் மார்க் சாம்ப்சன். இது 2014-இல். ட்ரூ ஸ்பென்ஸ் என்ற இன்னொரு வீராங்கனையிடம், போலீஸ் உன்னை எத்தனை தடவை பிடித்திருக்கிறது என்று கேட்டாராம். சாம்ப்சன் மறுத்தார். இரண்டு விசாரணைகள் அவர் பக்கம் தவறில்லை என்றன. ஆனால் அந்த விசாரணைகளில் ஸ்பென்ஸை யாரும் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை! மூன்றாவதாக ஒரு வழக்கறிஞர் விசாரித்த பிறகுதான், 2017 அக்டோபரில், நகைச்சுவை என்று நினைத்துச் சொல்லப்பட்ட அந்தப் பேச்சு சட்டப்படி இனப் பாகுபாடு என்ற முடிவு வந்தது. சங்கம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் அலூக்கோ தேசிய அணியில் இடமிழந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மலேசியர்களான நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை ஒன்றும் இருக்கிறது. கார்டிஃப் சிட்டியின் உரிமையாளர் வின்சென்ட் டான் நம் ஊர்க்காரர். அவர் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றிய கலாட்டா இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே நிர்வாகியாக இருந்த மால்கி மெக்காயும் இன்னொரு அதிகாரியும் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் 2014 ஆகஸ்டில் வெளியாயின. டானைப் பற்றியும், சீனர்களைப் பற்றியும், வேறு பலரைப் பற்றியும் அதில் இருந்ததை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தங்களுக்குச் சம்பளம் கொடுத்த மனிதரைப் பற்றி அவர்கள் போட்ட செய்தி அது. இங்கிலாந்து நிர்வாகிகளின் சங்கம் முதலில் அதை நண்பர்களுக்குள் நடந்த கேலிப் பேச்சு என்கிற ரீதியில் அறிக்கை விட்டது, பிறகு அறிக்கைக்கே மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் நவம்பரில் விகன் அணி மெக்காயை வேலைக்கு எடுத்தது. அதன் உரிமையாளர் டேவ் வீலன் அவருக்குப் பரிந்து பேசப் போய், சீனர்களுக்கான அந்த இழிசொல்லைச் சொல்லாத ஆங்கிலேயன் இருந்தால் அவன் பொய் சொல்கிறான் என்கிற மாதிரி பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அவருக்கு ஆறு வாரத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் கிடைத்தன. மெக்காய் மீதோ நடவடிக்கையே இல்லை, அவை தனிப்பட்ட செய்திகள் என்று 2015-இல் காற்பந்துச் சங்கம் விட்டுவிட்டது.

அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து என்ன தட்டுகிறான் என்று துருவுவது தப்பு, சரி. ஆனால் வீரர்களை வாங்குவதும் விற்பதும் வெளியே உட்கார வைப்பதும் இவர் கையில் இருக்கிறது. ஒரு இனத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது அந்த இனத்து இளைஞனின் பிழைப்பைத் தொடுகிற விஷயம். அது எப்படித் தனிப்பட்ட விஷயமாகும்?

கோபத்தில் வந்த வார்த்தை என்பதற்கு அக்கீம் அலியூவின் கதையைச் சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கி நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு, ஆனாலும் விஷயம் புரியும். அலியூ நைஜீரியாவில் பிறந்த கனடா வீரர். 2009-10 பருவத்தில் அமெரிக்காவில் ராக்ஃபோர்ட் அணியில் இருந்தபோது, உடைமாற்று அறையில் அவர் போட்ட பாட்டு பிடிக்காமல் பயிற்றுநர் பில் பீட்டர்ஸ் கறுப்பினத்தவருக்கான அந்த இழிசொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அலியூ முரண்டு பிடித்தார். உடனே பீட்டர்ஸ் மேலிடத்துக்கு எழுதி, தன்னைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பச் சொன்னதாக அலியூ சொல்கிறார். அப்படியே கீழே போனார். அதற்குப் பிறகு உச்ச லீகில் அவர் ஆடியது மொத்தம் ஏழே ஆட்டம். 2019 நவம்பரில் இதை அவர் வெளியில் சொன்னபோது பீட்டர்ஸ் கால்கரி ஃபிளேம்ஸ் என்ற பெரிய அணியின் தலைமைப் பயிற்றுநர். சில நாள்களில் பதவி விலகினார். அலியூ ஏன் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. அணிப் பட்டியல் எழுதுகிற பேனாவைக் கையில் வைத்திருப்பவரை எதிர்த்து யார்தான் பேசுவார்கள்?

நம் திடலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வேறு ஒரு கிளப்போடு சேர்ந்து பயிற்சி நடந்த சாயங்காலம். மழை விட்டுத் தரை சொதசொதவென்று இருந்தது. பதினான்கு வயதுப் பையன், இடது ஓரத்தில் ஆடுகிறவன், பந்தை விட்டுவிட்டான். அந்தக் கிளப்பின் பயிற்றுநர் கோட்டோரத்திலிருந்து, "ஹோய் கெலிங், லாரி லா!" என்று கத்தினார். லாரி என்றால் மலாயில் ஓடு. கெலிங் என்பது இந்த நாட்டில் இந்தியர்களான நம்மைக் கேவலப்படுத்தும் சொல் என்று மலேசியாவில் இருக்கும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். இரண்டு காலிலும். நிமிர அவ்வளவு நேரம் அவனுக்குத் தேவைப்பட்டது.

பயிற்சி முடிந்து, மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த அவன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "விடுங்கண்ணே. கோச் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு. நாம போய்ப் பேசினா பையனை பெஞ்சுல உட்கார வச்சிருவாரு," என்றார். அவர் கோழை இல்லை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. மகனின் இடம் யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், பயிற்றுநருக்கும் தெரியும். நானே போய்ப் பேசினேன். "அவனே சிரித்தானே" என்றார் அந்த மனிதர். பதினான்கு வயதில் வேறு என்ன செய்வான்?

நமக்குள்ளேயே நாம் சொல்லிக்கொள்கிறோமே என்ற வாதமும் வரும். கொஞ்சம் நிறம் மட்டாக இருக்கிற பையனைக் கூட்டாளிகள் "கருப்பா" என்று கூப்பிடுகிறார்கள், பயிற்றுநர் சொன்னால் மட்டும் குற்றமா என்பார்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்பார்கள். பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீகில் 2014-இல் இதே சண்டை நடந்தது. கறுப்பினத்தவருக்கான இழிசொல்லைத் திடலில் யார் சொன்னாலும் தனித் தண்டனை கொடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. கறுப்பின வீரர்களிலேயே சிலர், எங்களுக்குள் சொல்லிக்கொள்வதை நீங்கள் எப்படித் தண்டிக்கலாம் என்று எதிர்த்தார்கள். கடைசியில் புது விதி எதுவும் வரவில்லை, இருக்கிற நடத்தை விதிகளையே கண்டிப்பாக அமல்படுத்துவதாக லீக் சொன்னது. அந்த வீரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சரிசமமானவன் சொன்னால் திருப்பிச் சொல்லலாம், கோபித்துக்கொண்டு போகலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். பயிற்றுநரிடம் இதில் எதுவும் முடியாது. பள்ளிவாசலின் பெயர் இருநூறு வருடப் பழசு, அது யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

எஸ். கிசோனாவை நினைத்துப் பாருங்கள். 2019 சீ விளையாட்டில், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், மலேசியாவுக்குப் பூப்பந்து (பேட்மிண்டன்) ஒற்றையர் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 2021 சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் ஜப்பானின் யமாகுச்சியிடம் தோற்றார். யமாகுச்சியிடம் தோற்பதற்கு உலகில் எந்த ஆட்டக்காரியும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் இங்கே ஓர் அரசியல்வாதி, இந்தக் கெலிங்கை எந்த எஸ்டேட்டிலிருந்து பொறுக்கினீர்கள் என்கிற தொனியில் முகநூலில் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். தோற்ற நாளில் நம் பிள்ளையின் நாட்டுரிமையே கேள்வியாகிறது. அதே வார்த்தையை நாடு முழுக்கத் திடல்களில் பயிற்றுநர்கள் சாதாரணமாகப் பேசினால், முகநூலில் எழுதுகிறவனுக்கு என்ன தயக்கம் இருக்கும்?

இங்கே நம் ஆட்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். மலேசிய லீகில் ஆட வருகிற ஆப்பிரிக்க வீரர்களை நம் தமிழ் ரசிகர்கள் அரங்கத்தில் என்னவெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டே. கெலிங் என்றால் கொதிக்கிற நாம் அதையும் நிறுத்த வேண்டும்.

வேலையை விட்டு நீக்காமல் அபராதம் போட்டால் போதாதா? ஸ்பெயின் அதைச் செய்து பார்த்தது. 2004 அக்டோபரில் தேசியப் பயிற்றுநர் லூயிஸ் அரகோனேஸ், தன் வீரர் ரேயஸை உசுப்பேற்றுவதற்காக, ரேயஸின் கிளப் கூட்டாளியான பிரெஞ்சு வீரர் தியரி ஹென்றியைக் கறுப்பு நிறத்தைச் சொல்லி அசிங்கமாகத் திட்டினார். கேமரா அதைப் பிடித்துவிட்டது. ஊக்கப்படுத்தத்தான் சொன்னேன் என்றார். அடுத்த மாதமே மாட்ரிட்டில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் குரங்குக் குரல் எழுப்பியது. அந்தக் கூட்டத்துக்காக ஸ்பெயின் சங்கத்துக்கு ஃபிஃபா 100,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. அரகோனேஸுக்கு அவர் நாட்டுச் சங்கம் போட்டது 3,000 யூரோ. பதவியில் தொடர்ந்தார்.

எல்லாருக்கும் ஆயுள் தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீட்டர்ஸ் 2023-இல் கனடாவில் லெத்பிரிட்ஜ் என்ற இளையோர் அணிக்குப் பயிற்றுநராகத் திரும்பினார். திரும்புவது இருக்கட்டும், பதின்வயதுப் பிள்ளைகளின் அணிக்கா? காயப்பட்டவரிடம் நேரில் போய்ப் பேசி, பெரியவர்களின் அணியில் வேறொருவர் கண்காணிப்பில் சில காலம் வேலை செய்துவிட்டு வரட்டும். சின்னப் பிள்ளைகளின் திடலுக்கு வருவது அதற்குப் பிறகு.

கேள்வி கேட்டவர் தன் மகனும் ஒரு கிளப்பில் ஆடுவதாகக் குறிப்பிட்டிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிஃபாவின் ஒழுங்குவிதியில் இனப் பாகுபாட்டுப் பேச்சுக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை என்று 2019-இலிருந்து இருக்கிறது. எல்லா நாட்டுச் சங்கங்களும் இனவெறியைத் தனிக் குற்றமாகத் தங்கள் விதிகளில் சேர்க்க வேண்டும் என்று 2024-இல் பாங்காக் மாநாட்டில் சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்கள் கிளப்பிடம், பயிற்றுநர்களின் நடத்தைக்கு எழுத்தில் விதி இருக்கிறதா என்று பருவம் தொடங்கும் முன்பே கேளுங்கள், சம்பவம் நடந்த பிறகு கேட்டால் அது சண்டையாகிவிடும். ஏதாவது நடந்தால் அன்றைக்கே தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து, முடிந்தால் வேறு இனத்துப் பெற்றோர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எங்கள் அணியில் அப்படித்தான் போனோம், ஒரு மலாய்க்கார அம்மாதான் முதலில் பேசினார். அந்தக் கிளப் அந்தப் பயிற்றுநரைச் சிறுவர் அணியிலிருந்து எடுத்துவிட்டது. பையன் இப்போதும் இடது ஓரத்தில்தான் ஆடுகிறான்.