அவுட்போர்டு எஞ்சின் பிராக்கெட்: பெயின்ட், போல்ட் துளை, சீலன்ட் – கேள்வி பதில்

ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் அவுட்போர்டைக் கவ்வி நிற்கும் அலுமினிய பிராக்கெட்டைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பெயின்ட் உரிவது எல்லார் கண்ணிலும் படும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவதோ பலகை இற்றுப்போன பிறகுதான் தெரியும். அதனால் துளையைப் பற்றிய பதில் நீளமாக இருக்கும்.

கேள்வி (பாம்பன்): அண்ணே, பிராக்கெட் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புது. சுரண்டினா உள்ளே வெள்ளை மாவு. மேலேயே ஒரு கோட் அடிச்சா போதுமா?

போதாது தம்பி. அந்த மாவு அலுமினியம் அரித்து வந்த ஆக்சைடு. அதன்மேல் எதை அடித்தாலும் இரண்டு மாதத்தில் மறுபடி எழும்பும். எஞ்சினை இறக்கி, பிராக்கெட்டை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு இடுக்கு விடாமல் கழுவுங்கள். கடல் உப்பு ஒட்டியிருக்கும்போதே தேய்த்தால் அது உலோகத்துக்குள் அழுந்திப்போகும்.

காய்ந்ததும் கொப்புளம் உள்ள இடங்களை 80 நம்பர் தாளில் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பெயின்ட் கெட்டியாக நிற்கிற இடத்தின் ஓரத்தை 180 தாளில் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் பதிந்து அங்கேயே புதுத் துரு ஆரம்பிக்கும். காஸ்டிக் சோடாவும் கூடாது, அலுமினியத்தையே கரைத்துவிடும்.

கேள்வி (நாகப்பட்டினம்): எந்த பிரைமர்? எங்க ஊர்ல ரெட் லெட் அடிக்கிறாங்க.

ரெட் லெட் இரும்புக்கானது. அதிலுள்ள ஈயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்பை வளர்க்கும். அலுமினியத்துக்கு என்று போட்ட எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் முதல் பூச்சு) மெல்லிசாக ஒரு கோட், அதன்மேல் இரண்டு பாக எபாக்சி பிரைமர் இரண்டு கோட், 320 தாளில் லேசாகத் தேய்த்து பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு கோட். எல்லாம் ஒரே கம்பெனி பொருளாக எடுங்கள். சில எட்ச் பிரைமர் மேல் எபாக்சி பிடிக்காது.

தேய்த்த அலுமினியத்தில் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படிய ஆரம்பிக்கும். தேய்த்த அன்றே, சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிடுங்கள். நடுவில் வெறுங்கையால் தொடாதீர்கள். பாலியூரித்தேனை ஸ்ப்ரே செய்யவே வேண்டாம், பிரஷ் போதும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும்.

கேள்வி (தூத்துக்குடி): வாடைக் காலத்துல அடிக்கலாமா?

மழை ஈரத்தில் வேண்டாம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் பளபளப்பு மங்கி வெண்மை படரும். அதிகாலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள்.

கேள்வி (மன்னார்): ஐயா, போல்ட் கழரவே மாட்டேங்குது. கேஸ் டார்ச் பிடிக்கலாமா?

வேண்டாம். அலுமினியம் சிவக்காமலே உருகும், அதற்கு முன்பே வலுவும் போய்விடும். பெட்ரோல் டேங்கைப் படகிலிருந்து அகற்றிவிட்டு, துருநீக்கி எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். பிறகு ஹாட் ஏர் கன்னால் போல்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஸ்டெயின்லெஸ்ஸைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக ஆட்டி எடுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம்): துளையைச் சுத்தி பலகை கறுத்திருக்கு. சிலிக்கான் வச்சு அடைச்சா நிக்குமா அண்ணே?

நிற்காது. பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். துளையின் சுவர் திறந்த மரம். சீலன்ட் ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் மரம் திரி மாதிரி தண்ணீரை இழுக்கும். அதனால் மரத்துக்கும் போல்டுக்கும் நடுவே எபாக்சிச் சுவர் ஒன்று எழுப்ப வேண்டும்.

முதலில் மரம் எவ்வளவு கெட்டது என்று பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் துளையிலிருந்து வெளிநோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்று கணீரென்றால் நல்லது, ‘தொப்’ என்றால் உள்ளே சொதசொதப்பு. சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து 3 மி.மீ. துளை போட்டு வரும் தூளை விரலில் நசுக்குங்கள். வெளிறிய உலர்ந்த தூள் என்றால் சரி. கறுப்பாக ஈரமாக ஒட்டினால் அங்கே மரம் செத்தது. கையகலத்துக்கு மேல் அப்படி இருந்தால் கீழே சொல்லும் வேலை வீண், பலகையையே மாற்ற வேண்டும்.

மரம் நன்றாக இருந்தால் துளைகளை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் ஒரு வாரமாவது உலர விடுங்கள். பெரிதாக்கும் முன் மெல்லிய பிளைவுட்டில் நான்கு துளைகளின் இடத்தையும் அச்சு எடுத்து வையுங்கள். இதை விட்டால் பிறகு பிராக்கெட் பொருந்தாது. 12 மி.மீ. போல்டுக்கு 18 மி.மீ. துளை போடுங்கள். உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்து, ஹார்டனர் கலந்த, ஆனால் கெட்டியாக்கும் தூள் சேர்க்காத எபாக்சியைத் துளைச் சுவரில் பிரஷ்ஷால் ஊறத் தடவுங்கள். மீதி எபாக்சியில் ஏரோசில் (கெட்டியாக்கும் சிலிக்கா தூள்) கலந்து, கரண்டியில் எடுத்தால் ஒழுகாத பதத்தில் நிரப்புங்கள். 50 மி.மீ. கனப் பலகைக்கு நான்கு துளைக்கும் 50 மி.லி. பிடிக்கும், 80 மி.லி. கலந்தால் தாராளம். நம் வெயிலில் மொத்தமாக ஊற்றினால் சூடேறிப் புகையும், விரிசல் விடும். இரண்டு தடவையாக நிரப்புங்கள். மறுநாள் அச்சை வைத்து 12.5 மி.மீ. துளை போட்டு, வெளிவாயை 3 மி.மீ. ஆழத்துக்குச் சரிவாகச் செதுக்குங்கள். சீலன்ட் ஒரு வளையமாக நிற்பது அந்தச் சரிவில்தான்.

கேள்வி (வேதாரண்யம்): எபாக்சி விலை அதிகம். படகு கட்டுற பாலியெஸ்டர் ரெசினே போடலாமா?

மரத்தில் அதன் பிடி குறைவு, ஆறும்போது சுருங்கும். இந்த 80 மி.லி.யில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலியெஸ்டர் வேலை வேறெங்காவது செய்தாலும் ஒன்று கவனம்: ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே மற்றது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எந்த சீலன்ட்? எவ்வளவு இறுக்கணும்?

சிகாஃப்ளெக்ஸ் 291 மாதிரியான கடல்தரப் பாலியூரித்தேன். 3எம் 5200 ஒட்டினால் பிறகு கழற்றவே பெரும்பாடு, எஞ்சினுக்கு அது வேண்டாம். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் உலோகத்தை அரிக்கும், அது பட்ட இடத்தில் பெயின்ட்டும் நிற்காது.

போல்டின் தண்டிலும் தலைக்கு அடியிலும் சரிவிலும் சீலன்ட் வையுங்கள். மரைக்குத் தடவ வேண்டாம், அங்கே ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை). ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானே கழராத நட்) வேகமாக ஏற்றினால் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். போல்ட் தலையை ஸ்பானரால் அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் சீலன்ட் வழித்துக்கொண்டு போகும். கொஞ்சம் இறுக்கி, காய்ந்த பின் மீதி இறுக்குவது என்ற முறையும் உண்டு. எஞ்சின் போல்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எஞ்சின் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவுக்கு) ஒரேயடியாக இறுக்குங்கள், சரிவில் உள்ள வளையம் நசுங்காது.

உள்பக்கம் சீலன்ட் வைக்காமல் விட்டால் கசிவு தெரியும் என்பார்கள். திறந்த வள்ளத்தில் உள்ளேயும் தண்ணீர் அடிக்கும், இரண்டு பக்கமும் வையுங்கள். உள்ளே 6 மி.மீ. அலுமினியத் தகடு கொடுங்கள். வாஷர் மட்டும் இருந்தால் மரத்தில் புதையும்.

கேள்வி (தொண்டி): 304 போல்ட் போதுமா? கடைக்காரர் காந்தம் வச்சுப் பாக்கச் சொல்றார்.

காந்தம் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துக் காட்டாது. தலையில் ஏ4 என்று அடித்திருந்தால் 316 ரகம், ஏ2 என்றால் 304 ரகம். கடலுக்கு ஏ4 வாங்குங்கள்.

கேள்வி (காரைக்கால்): பிராக்கெட்ல டில்ட் பின் (எஞ்சின் சாயும் கோணத்தை நிறுத்துற கம்பி) துளை பக்கத்துல ஒரு கோடு. புட்டி வைக்கலாமா?

வைக்காதீர்கள். வெல்டிங் கடையில் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே (விரிசலைக் காட்டும் சாயம்) கிடைக்கும். சிவப்பு அடித்து, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெள்ளை அடியுங்கள். வெள்ளையின்மேல் சிவப்புக் கோடு ஊறி வந்தால் அது விரிசல். பிராக்கெட்டை மாற்றுங்கள். வெல்டிங் வைத்து ஓட்டினால் எஞ்சின் நடுக்கடலில் கழன்று விழலாம். புட்டி எல்லாம் மேலோட்டமான குழிகளுக்கு மட்டும்.

கேள்வி (கடலூர்): அடியில இருக்கிற ஆனோடுக்கும் பெயின்ட் அடிச்சிட்டேன்.

இன்றே சுரண்டி எடுங்கள். ஆனோடு என்பது பிராக்கெட்டுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி. பெயின்ட் அடித்த ஆனோடு வேலை செய்யாது, பிராக்கெட்தான் கரையும். ஆனோடு பாதி கரைந்ததும் புதிது மாற்றுங்கள். அது உட்காரும் இடத்திலும் பெயின்ட் இருக்கக்கூடாது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.