பாட்டன் காலத்துக் கிரா துப்பாக்கிக்கு நாமே தோட்டா கட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் முத்தியால்பேட்டை. பதினேழு வருடம் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு, இப்போது குடும்பத்தோடு லியோன் பக்கம் இருக்கிறேன். இங்கே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர், லைசென்ஸ் இருக்கிறது. போன மாதம் 1874 மாடல் கிரா துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அதற்குத் தோட்டா கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டாது. நானே கட்டிக்கொள்ளலாம் என்று கருவிகள் வாங்கி வைத்திருக்கிறேன். கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) வேண்டாம், புகையில்லா வெடிமருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் குழல் அழுக்காகாது என்கிறார் ஒரு நண்பர். அது சரியா? இன்னொன்று, புதுச்சேரியில் அண்ணன் வீட்டுச் சுவரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று மாட்டியிருக்கிறது. பார்க்க இதே மாதிரிதான். தகர டப்பாவில் பழைய தோட்டாக்கள் சிலவும் உண்டு. பொங்கலுக்கு வரும்போது இங்கே கட்டிய நாலு தோட்டாவை எடுத்து வந்து நம் தோப்பில் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒரு தோட்டாவைக்கூடப் பெட்டியில் போடாதீர்கள். காலிக் கூடும் (தோட்டாவின் வெறும் பித்தளை உறை) வேண்டாம். விமான நிலையத்தில் பையில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டு வாசலில்தான் கழியும். அண்ணன் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

ஆயுதப் பட்டறையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். என் அனுபவத்தில் பழைய துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் அதன் வயதால் இல்லை. அது எந்த மருந்துக்குச் செய்யப்பட்டது என்பதைச் சுடுகிறவர் மறந்துபோவதால்தான். பசீல் கிரா என்ற அதிகாரி வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை பிரெஞ்சு ராணுவம் ஏற்றுக்கொண்ட வருடம் 1874. புகையில்லா மருந்தை பால் வியேய் கண்டுபிடித்தது 1884-ல். அதற்கென்றே பிறந்தது 1886-ன் லெபெல் துப்பாக்கி. அதாவது உங்கள் துப்பாக்கி செய்யப்பட்டபோது உங்கள் நண்பர் சொல்லும் மருந்து உலகத்திலேயே இல்லை.

போல்ட்டை, அதாவது குழலைப் பின்பக்கம் அடைத்துப் பூட்டும் இரும்புத் தண்டை, திறந்து பாருங்கள். கைப்பிடியின் அடிக்கட்டை ஒன்றுதான், போல்ட் ஓடும் இரும்புச் சட்டத்தின் வலப்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு மொத்த அழுத்தத்தையும் தாங்குகிறது. பின்னால் வந்த துப்பாக்கிகளில் முன்பக்கம் இரண்டு பூட்டுப் பற்கள் எதிரெதிராக இருக்கும். இதில் அது கிடையாது. கரிமருந்து கொடுக்கும் அழுத்தத்துக்கு இந்த ஒரு கட்டை போதும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

“கொஞ்சமாகப் போட்டால்” என்கிறாரே, அதில்தான் ஆபத்து இருக்கிறது. கிரா தோட்டாவின் கூடு பெரியது. கரிமருந்து போட்டால் கூடு நிறைந்துவிடும், தவறி இரண்டு தரம் போட முடியாது, வழிந்துவிடும். புகையில்லா மருந்தில் சின்ன அளவு போட்டால் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டாம் தரம் போட்டாலும் வெளியே தெரியாது. போதாததற்கு, துப்பாக்கியைச் சாய்க்கும்போது மருந்து முன்னும் பின்னும் ஓடும். கேப்பின் (தோட்டாவின் அடியில் இருக்கும் சிறு தீமூட்டி) நெருப்பு ஒரு தரம் அதன் மேலே படும், மறுதரம் பின்னாலிருந்து படும், ஒரு சுடுக்கும் மறு சுடுக்கும் அழுத்தம் மாறும். எங்கள் கிளப்பில் ஒருவர் இப்படித்தான் பத்து குண்டு நன்றாகச் சுட்டார். பதினொன்றாவதில் போல்ட் திறக்கவில்லை. மரச் சுத்தியால் தட்டித் திறந்தபோது தோட்டாவின் அடிப்பக்கம் மட்டும் கையோடு வந்தது, மீதிக் கூடு குழலுக்குள் நின்றுவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கரிமருந்தையே போடுங்கள். அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

சரி, மருந்துக்கு முன்னால் குழலை அறிய வேண்டும். ‘கிரா’ என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே துப்பாக்கி இல்லை. போல்ட் ஓடும் இரும்புச் சட்டத்தின் இடப்பக்கத்தில் எந்தத் தொழிற்சாலை, எந்த மாடல் என்று பொறித்திருக்கும். சாந்த் எத்தியேன், ஷாத்தெல்லெரோ, தூல் என்று ஊர்ப்பெயர் வரும். 1866 என்றும் 74 என்றும் சேர்ந்திருந்தால், அது பழைய ஷாஸ்போ துப்பாக்கியை மாற்றிச் செய்தது. 80 என்ற எண் இருந்தால், தோட்டாவின் கூடு கிழிந்தால் புகை வெளியேற 1880-ல் காடி வெட்டிய திருத்தம் அதில் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல அடையாளம் அது. முதல் உலகப் போர் வந்ததும் துப்பாக்கி போதாமல், பல கிராக்களுக்கு 8 மில்லிமீட்டர் லெபெல் குழலைப் போட்டுப் பின்னணிப் படைகளுக்குக் கொடுத்தார்கள். இன்னும் பலவற்றின் புரியை (குழலுக்குள் சுற்றிச் செல்லும் காடிகளை) சுரண்டி வழவழப்பாக்கி, முயல் சுடும் ரவைத் துப்பாக்கியாக மலிவாக விற்றார்கள். மூன்றும் வெளியில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

சாதாரண எழுதும் பென்சில் ஒன்றை எடுங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். காலியான குழலின் வாயில் விடுங்கள். 11 மில்லிமீட்டர் குழலில் கலகலவென்று ஆடும். 8 மில்லிமீட்டர் குழலில் ஆட இடமே இருக்காது. அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். இடப்பக்கமாகச் சுற்றும் நாலு காடி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாமல் கண்ணாடி போல இருந்தால் அது ரவைத் துப்பாக்கி. கிரா தோட்டாவை அதில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

நிஜமான 11 மில்லிமீட்டர் என்று தெரிந்தபின் குழலின் உள் அளவை ஈயத்தில் எடுக்க வேண்டும். குழலில் லேசாக எண்ணெய் விடுங்கள். சுத்தமான மெல்லீயக் குண்டு ஒன்றை, குழலைவிட இம்மி பெரிதாக, வாயில் வைத்து மரச்சுத்தியால் தட்டி நுழையுங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே பின்பக்கம் கொண்டு வாருங்கள். கையில் கவனம் இருக்கட்டும். ஒரே சீராக நகர்ந்தால் குழல் நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் சட்டென்று லேசாகிப்போனால், அங்கே குழல் வீங்கியிருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள். வெளியே வந்த ஈயத்தில் காடிகளின் அச்சு மேடாக விழுந்திருக்கும். நாலு என்பதால் எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் நேராக அளந்துவிடலாம். வார்க்கும் குண்டு இந்த அளவுக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை கூடவோ இருக்கட்டும். குறைந்தால் புகை பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு ஓடும், குழலில் ஈயம் பூசிக்கொள்ளும், குறியும் சிதறும்.

ராணுவத் தோட்டாவின் கணக்கு இது: காகிதம் சுற்றிய 25 கிராம் ஈயக் குண்டு, 5.25 கிராம் கரிமருந்து, வேகம் நொடிக்குச் சுமார் 450 மீட்டர். இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். இன்று கிடைக்கும் கூடுகளின் சுவர் பழையதைவிடத் தடிமன், அவ்வளவு மருந்து பெரும்பாலும் உள்ளே போகாது. நான் 4.5 கிராமில் ஆரம்பித்தேன், குறி நன்றாக இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கவே கூடாது. இடம் மிஞ்சினால் அட்டை வில்லையோ கம்பள வில்லையோ வைத்து நிரப்பி, குண்டு உட்காரும்போது மருந்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுத்தும்படி செய்யுங்கள். இடைவெளி விட்டால் குழலில் வளையம் விழுகிற மாதிரி வீக்கம் வரும். முன்பு சொன்ன அந்த ‘சட்டென்று லேசாகும்’ இடம் பல துப்பாக்கிகளில் அப்படி வந்ததுதான்.

கரிமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதில் ஒரு பகுதி குழலில் தங்கிவிடும். அது காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், ஐந்தாறு சுட்டதும் குண்டு தடம் மாறும். அதை இளக்கத்தான் கொழுப்பு. தேன்மெழுகும் கொழுப்பும் சரிபாதி உருக்கிக் குண்டின் காடிகளில் பூசுவார்கள். 1857-ல் வட இந்தியச் சிப்பாய்கள் மறுத்தது இந்தக் கொழுப்பு தடவிய தோட்டாவைத்தான். எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற சந்தேகம் ஒரு பேரரசையே உலுக்கியது. உங்களுக்குச் சங்கடம் என்றால் மெழுகோடு தாவர எண்ணெய் கலந்தாலும் வேலை நடக்கும். பெட்ரோலிய கிரீஸ் மட்டும் வேண்டாம், கரிமருந்தோடு சேர்ந்து தார் போல ஆகிவிடும்.

முதல் சுடு முடிந்ததும் கூடு உங்கள் குழலின் அறைக்குத் தக்கபடி விரிந்து உருவெடுக்கும். அடுத்த முறை முழுக் கூட்டையும் அச்சில் நசுக்காமல் கழுத்தை மட்டும் சுருக்கினால் கூடு நெடுநாள் உழைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பியின் நுனியை லேசாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுரண்டிப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் இடறினால், அந்தக் கூடு அங்கேதான் அறுந்து போகப் போகிறது. தூக்கிப் போடுங்கள்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கரிமருந்துக்குச் சிறு பொறி போதும், அதனால் பித்தளைக் கரண்டி, பித்தளைப் புனல். முதல் மூன்று சுடு, துப்பாக்கியைத் தாங்கியில் கட்டி, கயிற்றால் விசையை இழுத்துச் சுடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் போல்ட்டையும் கூடு உட்காரும் இடைவெளியையும் காட்டிவிடுங்கள். சந்தையில் 11 மில்லிமீட்டர் விக்கர்ஸ் என்று முதல் போர்க்காலத் தோட்டா கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். பலூன் சுட இயந்திரத் துப்பாக்கிக்குச் செய்தது அது. சட்டத்தைப் பொறுத்தவரை, பிரான்சில் 1900-க்கு முந்தைய மாடல் பொதுவாக ‘டி’ வகைதான், அதாவது பெரியவர்கள் தனி அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளும் வகை. ஆனால் கூடு, கேப், மருந்து வாங்கும் விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. கிளப் செயலாளரிடம் இன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவுங்கள். அந்தக் கசடு உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு அடியில் இருந்தபடியே அரிக்கும். சோப்பு கலந்த வெந்நீர், பிறகு வெறும் வெந்நீர், துணி வெள்ளையாக வரும்வரை துடைப்பு, கடைசியில் எண்ணெய்.

இப்போது அண்ணன் வீட்டுக்கு வருவோம். ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ச் சொல்தாக்களின் நினைவு வரும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரு துப்பாக்கி மிஞ்சியிருப்பது பெரிய விஷயம், அது உருப்படியாக நிற்க வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு ஆசை அதிகம். ஆனால் இந்தியாவில் சட்டம் வேறு. 1959-ன் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் 45-ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. போல்ட்டும் ஊசியும் நன்றாக இருக்கும் கிரா அந்த விலக்கில் வராது. லைசென்ஸ் தேவை. அதே சட்டம் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் கருவியையும் சேர்த்திருக்கிறது. தயாரிக்க 5-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். ஆகவே அச்சு, அழுத்துகருவி எதையும் ஊருக்கு அனுப்பாதீர்கள். திருவிழா வாணக்காரரிடம் கரிமருந்து வாங்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அந்த மருந்தின் அளவும் பருமனும் யாருக்கும் தெரியாது, சட்டமும் விடாது.

அண்ணனிடம் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தையோ பழைய பிரெஞ்சு அனுமதிச் சீட்டையோ பீரோவில் தேடச் சொல்லுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேசுவதுதான் வழி. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போக வேண்டாம், தகவலை மட்டும் கொண்டு போகட்டும். வாரிசு முறையில் வந்த ஆயுதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தகர டப்பாவைத் திறக்கவோ, தோட்டாவைத் துடைக்கவோ வேண்டாம். அந்தக் காலக் கேப்பில் இருக்கும் பாதரச மருந்தும் வயதும் சேர்ந்து என்ன நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. டப்பாவைப் பற்றியும் அதே அலுவலகத்தில் சொல்லி, போலீஸே வந்து எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை துப்பாக்கி சுவரிலேயே இருக்கட்டும். அது கடல் பக்கத்துச் சுவர் என்றால் அனுமதி கிடைத்தவுடன் உள்ளறைக்கு மாற்றுங்கள். உப்புக்காற்றும் சுண்ணாம்புச் சுவரின் ஈரமும் சேர்ந்தால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். தோல்பட்டை இரும்பில் படும் இடத்தில்தான் முதல் துரு வரும், அதைக் கழற்றித் தனியாக வைக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுபிசுத்து இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெயே பரவாயில்லை. பழுப்பேறிய இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பொறித்த எழுத்தும் போய்விடும், துப்பாக்கியின் கதையும் போய்விடும்.

அப்புறம், அது காலியாக இருக்கிறது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் உள்ளே ஒரு தோட்டா கிடக்கிறதா என்று எவருக்குத் தெரியும்? அண்ணன் பிள்ளைகள் அதை இறக்கி விசையை இழுத்து விளையாடாதபடி இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.