பதில் தாமதிக்கும்போது பொறுமையோடு காத்திருப்பது எப்படி?

நெடுநாள் ஜெபித்தும் பதில் வராதபோது எப்படிக் காத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில் வரும் ஆபிரகாம், தமக்குச் சந்ததி தருவதாகத் தேவன் சொன்ன வாக்கை நம்பி ஆரான் என்ற ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவரும் மனைவி சாராளும் பொறுமையிழந்து, பணிப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெறத் தாங்களே ஒரு வழியைத் தேடிக்கொண்டார்கள்; அதனால் குடும்பத்தில் கசப்பு வளர்ந்தபோதும் தேவன் தம் வாக்கை மாற்றவில்லை என்பதே எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது. ஆகவே உங்கள் மனக்குறையை மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். பிள்ளையில்லாதிருந்த அன்னாளும் சீலோவிலிருந்த ஆலயத்தில் மிகவும் அழுதுதான் ஜெபித்தாள். மருத்துவமோ வேலை தேடுதலோ, உங்கள் கையிலுள்ள கடமையையும் நிறுத்திவிடாதீர்கள். கேட்டது கேட்டபடியே கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன்: தம் சரீரத்தில் முள்ளாக இருந்த வேதனை நீங்கும்படி அப்போஸ்தலராகிய பவுல் மூன்று முறை வேண்டியும், அதைத் தாங்குவதற்குப் போதுமான கிருபையே அவருக்குப் பதிலாகக் கிடைத்தது.