கடவுளை அறிய அடுத்தவர் துணை வேண்டுமா? வீட்டிலேயே படித்தால் போதாதா?

நீங்கள் திருப்பூர் என்று எழுதியிருப்பதால் பக்கத்து ஊர் அனுபவத்தையே சொல்கிறேன்.

நானும் ஐந்தாறு வருஷம் திருவாசகத்தைத் தனியாகத்தான் படித்தேன். பாட்டு மனப்பாடம் ஆனது, பொருள் உள்ளே இறங்கவில்லை. அப்புறம் அவிநாசிப் பக்கம் ஒரு முற்றோதலுக்கு, அதாவது திருவாசகம் முழுவதையும் எல்லோரும் சேர்ந்து ஓதுகிற நிகழ்ச்சிக்குப் போனேன். 51 பதிகம், 658 பாடல். காலையில் ஆரம்பித்தால் முடிய மாலை ஆகிவிடும். மதியம் தொண்டை கட்டிப்போய் நான் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா, கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "வாய் ஓய்ஞ்சா காது கேக்கட்டுங் கண்ணு" என்றார். அன்றுதான் கேட்பதும் வழிபாடு என்று பிடிபட்டது. திருவாசகத்தின் முதல் பகுதியான 'சிவபுராணம்' முடிகிற இடத்தில் மாணிக்கவாசகரும் பொருள் உணர்ந்து சொல்பவரைத்தானே உயர்த்திச் சொல்கிறார்!

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம்தான். அதில் எட்டாவது உங்கள் கேள்விக்கே பதில். ஐம்புலன்கள் என்ற வேடர்களிடம் வளர்ந்த உயிர் தன்னையே மறந்துவிடுகிறது. இறைவனே குருவாக வந்து அந்த உயிருக்குத் தான் யார் என்பதை உணர்த்துகிறான். வேடர் நடுவே வளர்ந்த அரசகுமாரனைப் போல. அவன் யார் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதற்காக யாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு விழ வேண்டாம். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடம் இருந்து விலகிவிடுங்கள். பணத்தை முன்னால் பேசுகிறவரிடம் இருந்தும்தான். கோவைப் பக்கத்துப் பேரூர் மடம் மாதிரி தமிழோடு சமயத்தையும் வளர்த்த இடங்கள் நம் பக்கமே இருக்கின்றன. முதலில் ஒரு முற்றோதலில் போய் உட்காருங்கள், புத்தகம் பெரும்பாலும் அங்கேயே தருவார்கள்.